‘புயல் பூச்சாண்டி’ என்பவர்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலம் வந்தால் தங்கள் நாளிதழின் இந்த வாசகர் கடிதப் பகுதியில் ஒரு புலம்பலும் கூடவே வந்துவிடுகிறது. ‘ரெட் அலர்ட் என்றார்கள், வெயில் அடித்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடினார்கள். வானிலை ஆய்வு மையம் சும்மா பூச்சாண்டி காட்டுகிறது’ என்று எழுதுகிறார்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களை மறுநாளே மீம்ஸ் போட்டுக் கிண்டல் செய்தார்கள். அந்த முறை பெருமழை மேகங்கள் வடக்கே தெற்கு ஆந்திரப் பக்கம் ஒதுங்கிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கார்க்காரர்களில் பலர் அதற்கு முந்தைய டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், வண்டியைத் தண்ணீருக்குள் விட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவோடு ஒப்பிட்டால் மேம்பாலத்தில் ஓர் இரவு நிறுத்துவது மலிவு. ஆம்புலன்ஸ் போக வழி விட்டு நிறுத்தினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எச்சரிக்கை பொய்த்ததா, பலித்ததா என்று தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். புயலின் மையம் எங்கே இருக்கும் என்று 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும்போது, இன்றைய நிலையில் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் பிசகுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூன்று நாள் முன்னதாகச் சொல்லும்போது இன்றும் பிசகு அதிகம்தான். மறுபுறம், ஒரு நடுத்தரப் புயலில் உச்சக் காற்று வீசுவது மையத்திலிருந்து 20 முதல் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள். நாகப்பட்டினத்தில் கரையைக் கடக்கும் என்று சொன்னால், 75 கிலோமீட்டர் வடக்கே பிசகினால் அது சிதம்பரம், தெற்கே பிசகினால் அதிராம்பட்டினம். ஆக 150 கிலோமீட்டர் கடற்கரை முழுவதையும் எச்சரித்தே ஆக வேண்டும், அடி விழப்போவதோ அதில் பாதிக்கு மட்டும். மீதிப் பாதியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் வராது. கணிப்பு மிகச் சரியாக இருந்தாலும் எச்சரிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் ‘ஒன்றும் வரவில்லையே’ என்று சொல்லத்தான் செய்வார்கள். அந்தப் பாதி எது என்று முதல் நாள் எவருக்கும் தெரியாது.

2018 நவம்பரில் கஜா வந்தபோது இதுதான் நடந்தது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே, நாகைக்கு அருகில் கரையைக் கடக்கும் என்று அறிவிப்பு. கடலூர்க்காரர்கள் காத்திருந்து சலித்தார்கள். 16-ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் அது வேதாரண்யத்தை ஒட்டி ஏறியது. அதிராம்பட்டினத்தில் காற்று மணிக்கு 117 கிலோமீட்டர் பதிவானது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்போதும் சுமார் 80 ஆயிரம் பேரை முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் இறந்தோர் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்பதை 1999 ஒடிசாவைப் பார்த்துச் சொல்லலாம். அங்கே அன்று சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதே ஒடிசாவில் 2019-இல் ஃபானி வந்தபோது 12 லட்சம் பேரை இடம்பெயரச் செய்தார்கள். வீடும் மரமும் போயின, உயிர்ச்சேதம் நூறைத் தொடவில்லை. அந்த ஃபானியே முதலில் வட தமிழகக் கரையை நோக்கி வரும் என்று சொல்லப்பட்ட புயல்தான். திரும்பிப் போனதும் இங்கே ‘புஸ்வாணம்’ என்று எழுதினார்கள். புரி நகரத்தில் அப்படி யாரும் எழுதவில்லை.

நிவரின்போது 2020-இல் ஏழு மாவட்டங்களில் பேருந்தை நிறுத்தினார்கள். தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் அதில் இருந்தன. புயல் கரையேறியதோ புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை ஒட்டி. புதுக்கோட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஊர்க்காரர்களின் எரிச்சல் நியாயமானது. கரை கடக்கும் இடம் தெளிவாகிக்கொண்டே வரும்போது, தெற்கே கட்டுப்பாட்டைத் தளர்த்த ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முடிவெடுத்திருக்க வேண்டும். எச்சரிக்கையை ஏற்றுவதில் காட்டும் வேகத்தை இறக்குவதில் நம் நிர்வாகம் காட்டுவதே இல்லை.

ஆனால் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ‘புயல்’ என்ற ஒரே சொல்லுக்குள் காற்று, மழை, கடல் என்று மூன்று ஆபத்துகளை அடைத்துவிட்டோம். மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வருவதில்லை. மக்கள் காற்றை மட்டும் வைத்துப் புயலை எடை போடுகிறார்கள். 2020 டிசம்பரில் புரெவிக்காகத் தென்மாவட்டங்கள் ஆறில் விடுமுறை விட்டார்கள். அது மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றே விட்டது. தூத்துக்குடியில் இலை அசையவில்லை என்று பேச்சு. அதே நாளில் அதே புரெவியின் மழை வடக்கே கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி சம்பா வயல்களை மூழ்கடித்தது. மிக்ஜாம் சென்னையில் கரையைத் தொடவே இல்லை. கடலில் நகர்ந்தபடியே நகரத்தை மூழ்கடித்துவிட்டு 2023 டிசம்பர் 5 அன்று பாபட்லாவில் ஏறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலாகுமா ஆகாதா என்று இரண்டு நாள் இழுபறி, ஆனது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 48. காற்று ஓய்ந்து, ‘வலுவிழந்தது’ என்று செய்தி வாசித்த பிறகு, கடலிலிருந்து 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் போனார்கள். சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். கடலூர் வரை ஆற்றோரம் எல்லாம் தண்ணீர். ‘வலுவிழந்தது’ என்றால் காற்று குறைந்தது என்று மட்டுமே பொருள். மேகத்திலுள்ள தண்ணீருக்கு அந்தச் செய்தி தெரியாது.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ‘8-ஆம் எண் கூண்டு 9 ஆனது, ஆபத்து கூடுகிறது’ என்று தொலைக்காட்சியில் பதறுகிறார்கள். 1, 2 எண்கள் தூரத்துக் கடலில் உள்ள நிலையைச் சொல்பவை. 3, 4 துறைமுகத்துக்கே உரிய முன்னெச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே தரம்: அபாயம். 8, 9, 10 மூன்றும் அடுத்த தரம்: பெரும் அபாயம். ஒரு தரத்துக்குள் எண் மாறுவது திசையைக் காட்டத்தான். துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருந்தால் 5 அல்லது 8, வலப்பக்கம் இருந்தால் 6 அல்லது 9, நேர் மேலேயோ வெகு அருகிலோ கடந்தால் 7 அல்லது 10. 11 என்பது வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோனதற்கான கூண்டு. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பயன் உண்டு. நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு, கடல் உள்வாங்கக்கூடும். ஆகவே 9-ஆம் எண் கூண்டு ஏறிய ஊரில் கரையோரத் தெருக்களைக் காலி செய்வது அதிகப்படியான வேலை ஆகாது. கடல் ஆழமில்லாத பாக் நீரிணைப் பக்கம் தள்ளப்பட்ட தண்ணீர் ஒதுங்க இடமில்லாமல் மேலே ஏறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், அந்த இரவு பயணிகள் ரயிலைக் கொண்டுபோனதும் அந்தத் தண்ணீர்தான்.

வண்ண எச்சரிக்கையில் வேறொரு ஓட்டை. 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டருக்கு மேல் கனமழை, 11.6-க்கு மேல் மிகக் கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதி கனமழை, அதற்குச் சிவப்பு. அதற்கு மேல் படி கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு, 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு. முன்னது சாலையில் முழங்கால் தண்ணீர். பின்னது தாமிரபரணிக் கரையில் ஊர்கள் துண்டிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்ட வெள்ளம். அன்று அது புயலாகக்கூட இல்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி. கூண்டும் இல்லை, பெயரும் இல்லை. சிவப்பு எச்சரிக்கை வந்த நேரம் குறித்து மாநில அரசுக்கும் வானிலை ஆய்வு மையத்துக்கும் வாக்குவாதமே நடந்தது. அக்டோபர் 2024-ஐக் காட்டி ‘எல்லாம் மிகை’ என்பவர்கள் டிசம்பர் 2023-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

மீனவர்களின் புகார் இவற்றிலிருந்து வேறுபட்டது, கனமானதும்கூட. தடை போட்டால் அன்றைய கூலி போச்சு. டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு தடை வந்தால் நஷ்டம் இரட்டிப்பு. ஆனால் ஒக்கி புயலின் நேரக் கணக்கைப் பாருங்கள். 2017 நவம்பர் 29 காலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30 அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று காலை எட்டரைக்குப் புயல். தாழ்வு மண்டலம் புயலாக எடுத்துக்கொண்டது முழுதாக ஒரு நாள்தான். ஆழ்கடல் விசைப்படகு மணிக்கு 13, 15 கிலோமீட்டர் ஓடும். 300 கிலோமீட்டர் வெளியே இருந்தால் திரும்ப இருபது மணி நேரம் வேண்டும், அதுவும் கடல் அமைதியாக இருந்தால். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போன படகுகளுக்குக் கரையிலிருந்து சொல்ல அன்று வழியும் இல்லை, வி.ஹெச்.எஃப். ரேடியோ கருவி சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். தமிழகம், கேரளம் இரண்டிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் போனார்கள். ஆகவே ஆழ்கடலுக்கான எச்சரிக்கை, புயல் உருவாகும் முன்பே, வெறும் தாழ்வுப் பகுதியாக இருக்கும்போதே வந்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் புயலாகாமலே கலைந்துவிடும். அந்த நஷ்டத்தை மீனவர் மட்டும் சுமப்பதுதான் அநியாயம். எச்சரிக்கை விடுவது அநியாயம் ஆகாது. தடை நாளுக்கு நிவாரணம் என்று நிரந்தர ஏற்பாடு இருந்தால் இந்தப் புகார் பாதி அடங்கிவிடும். பிறகு படகுகளில் பொருத்திய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்களை (கரையோடு செய்தி பரிமாறும் கருவிகளை) பலர் அணைத்து வைக்கிறார்கள் என்ற பேச்சு துறைமுகங்களில் உண்டு. அணைத்தால் அது பெட்டி, அவ்வளவுதான்.

இனி முன்னேற்பாடு. மிகை எது, அவசியம் எது என்பது இங்கேதான் பிரியும். முதலில் காற்றின் கணக்கு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் 17, 18 கிலோ அளவுக்கு அழுத்தும். 120 கிலோமீட்டர் காற்று 70 கிலோ. பத்தடி நீளத் தகரம் ஒன்று மூன்று சதுர மீட்டர். அதன் சொந்த எடை 15 கிலோகூட இருக்காது. 120 கிலோமீட்டர் காற்றில் அதன் மீது 200 கிலோவுக்கு மேல் தூக்குவிசை வரும். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடுதல். அதன் மேல் 20 கிலோ மணல் மூட்டை வைப்பதால் ஒன்றும் நிற்காது. மூட்டை உருண்டு யார் தலையிலாவது விழும். செய்ய வேண்டியது, முன் ஓரத்திலும் முகட்டிலும் தகரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளை (கொக்கி போல்ட்டுகளை) பார்ப்பது. பெரும்பாலும் வாஷர் துருப்பிடித்துத் துளை பெரிதாகியிருக்கும். போல்ட் இருக்கும், தகரம் மட்டும் அதிலிருந்து கழன்று பறக்கும். அகலமான வாஷர் போட்டு மாற்றி, ஓர வரிசையில் ஒன்று விட்டு ஒரு மடிப்பில் போல்ட் வர வேண்டும். நடுவில் இடைவெளி அதிகமிருந்தால் பரவாயில்லை. சுவரை விட்டு ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்வாரத் தகரத்தைக் கழற்றிவிடுவது உத்தமம். காற்று கை வைக்கும் முதல் இடம் அது. கீற்றுக் கூரைக்குக் கடற்கரையில் காலங்காலமாகச் செய்வதே சரி: பழைய மீன்வலையை மேலே விரித்து, கயிற்றை இருபுறமும் இறக்கி, தரையில் ஆழ அடித்த முளையில் கட்டுவது. கயிற்றைச் சுவரில் உள்ள ஜன்னல் கம்பியில் கட்டினால் கூரையோடு ஜன்னலும் போகும்.

கூரை போவதற்குப் பெரும்பாலும் கதவே காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ உடைந்து திறந்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது, மேலே போகும் காற்று இழுக்கிறது. அதே 120 கிலோமீட்டர் காற்றில் ஏழடிக் கதவின் மேல் 140 கிலோ அழுத்தம். ஒரு தாழ்ப்பாள் தாங்காது. மேலும் கீழும் தாழ் போட்டு, குறுக்கே ஒரு கட்டையைச் செருக வேண்டும். கண்ணாடி மேல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. பலகை அடிப்பதே காப்பு. வாட்ஸ்அப்பில் வரும் மற்ற யோசனைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பி வையுங்கள். ஆயிரம் லிட்டர் நிரம்பினால் ஒரு டன், அசையாது. காலித் தொட்டி அடுத்த தெருவில் கிடக்கும். மூடியைக் கயிற்றால் கட்டவும். மின்சாரம் போனபின் புழக்கத்துக்கு அந்தத் தண்ணீர்தான் கை கொடுக்கும். குடிக்க ஓர் ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்றால் நால்வருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இரண்டு கேன் போதும். பத்து கேன் வாங்கி அடுக்குவதும், ஆறு பாக்கெட் பால் வாங்கி ஃப்ரிட்ஜில் வைப்பதும் வீண். மின்சாரம் இல்லாத வீட்டில் பால் எத்தனை மணி நேரம் தாங்கும்? வாங்க வேண்டியது பால் பவுடர், பொரி, அவல், பிஸ்கட். பெட்ரோல் பங்க்கும் ஏடிஎம்மும் மின்சாரத்தில் ஓடுபவை. கையில் இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் வேண்டும். செல்போன் கோபுரத்துக்குச் சில மணி நேரம்தான் பேட்டரி. அதன் பிறகு உங்கள் போனில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் பேச முடியாது. பழைய பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கரையைக் கடக்கும் முன் மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்துவதை ‘அதற்குள் கரண்ட் போச்சு, இதுதான் முன்னேற்பாடா’ என்று திட்டுகிறார்கள். அறுந்த கம்பி தண்ணீரில் கிடக்கும்போது அதில் மின்சாரம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். புயல் இரவுகளில் சாவு வருவது பெரும்பாலும் சுவர் இடிந்து, மரம் விழுந்து, மின்சாரம் பாய்ந்து. இதில் வசதி உள்ள வீடுகள் செய்யும் தவறு ஒன்று மன்னிக்க முடியாதது: ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (வெளி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) இல்லாமல் வீட்டு பிளக்கில் செருகுவது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கி ஏறி 11,000 வோல்ட்டாகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் கை வைக்கும் ஊழியர் அங்கேயே முடிந்துவிடுவார்.

அடுக்குமாடிகளில் லிஃப்டை மேல் தளத்தில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள். கீழே நின்றால் குழியில் ஏறும் தண்ணீர் அதன் மின்னணுப் பலகையைத் தின்றுவிடும். தரைத்தளக் கழிப்பறைகளில் சாக்கடை எதிரேறும். பேசின் மேல் மணல் மூட்டை வைத்தால் பெருமளவு தடுக்கலாம். மணல் மூட்டைக்கு உண்மையான இடம் கூரையை விட இதுதான். நனைந்த காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் தண்டு வளையும். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காத காப்பீட்டில் அதற்குப் பணம் கிடைப்பது கடினம்.

படகுகளில் தவறு எப்போதும் கயிற்றில் நடக்கிறது. இழுத்துக் கட்டினால் பத்திரம் என்று நினைத்துக் குட்டையாகக் கட்டுகிறார்கள். தண்ணீர் ஐந்தடி ஏறும்போது படகு ஏற வழியில்லாமல் கயிறு அறும், அல்லது மூக்கு அமுங்கித் தண்ணீர் குடிக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு திசையில் நங்கூரம், ஆழத்தைப் போல ஏழு மடங்கு கயிறு, படகுக்குப் படகு டயர், கயிறு உராயும் இடத்தில் சாக்கு. ஃபைபர் படகானால் எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்து, படகை மேட்டுக்கு இழுத்துவிடலாம். புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென நின்று, அரைமணி கழித்து எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வர்தாவின்போது 2016-இல் சென்னை இதைப் பார்த்தது. ஒரு திசைக்கு மட்டும் கட்டிய படகு அந்த இரண்டாம் அடியில்தான் உடைகிறது. ஓய்ந்துவிட்டது என்று வெளியே வரும் மனிதருக்கும் அதே கதிதான்.

விவசாயிகளுக்கு இரண்டு நாள் அவகாசத்தில் செய்ய முடிந்தது உண்டு. தென்னையில் முற்றிய காய்களையும் இளநீர்க் குலைகளையும் இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் உச்சிப் பாரமும் காற்றுப் பிடிப்பும் குறையும்; மரம் பிழைக்க வாய்ப்பு கூடும். வாழைக்குச் சவுக்குக் கம்பு, அதுவும் இரண்டு பக்கமும். சம்பா வயலில் வடிகால் வாயைத் திறந்து வைத்து, யூரியா போடுவதைத் தள்ளிவையுங்கள். மழைக்கு முதல் நாள் போட்ட யூரியா வாய்க்காலுக்குத்தான் உரம். மாடுகளைக் கொட்டகையில் கட்டி வைக்காதீர்கள், அவிழ்த்து மேட்டில் விடுங்கள். கட்டிப்போட்ட மாடு தண்ணீர் ஏறினால் நீந்த முடியாமல் சாகிறது. பயிர்க் காப்பீட்டுக்குச் சம்பாவின் வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15; தஞ்சைக் கரையின் மோசமான புயல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகின்றன. இதற்கு எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

முகாமுக்குப் போக மறுப்பவர்களை ‘அறியாமை’ என்று அதிகாரிகள் சொல்வது எளிது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் இரண்டு இரவு தங்கப் பெண்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். ஆட்டையும் கோழியையும் எங்கே விடுவது என்பதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கடலோரத்தில் பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டியிருக்கிறார்கள், நல்ல கட்டடங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று ஊராட்சித் தலைவர் ஒரு முறை பார்த்தால், நவம்பரில் மக்களைக் கெஞ்ச வேண்டிய தேவை பாதி குறையும்.

மிகை என்று நானும் ஒத்துக்கொள்வது தொலைக்காட்சியின் கூச்சலை. தாழ்வுப் பகுதி உருவாகும் முன்பே ‘சென்னையை விழுங்க வரும் ராட்சசன்’ என்று தலைப்பு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றுக்கும் ஒரே அபாய இசை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொள், ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. இதைக்கூடச் சொல்லாமல் மூன்று நாள் கத்தினால் நான்காம் நாள் உண்மையான அறிவிப்புக்கு எவரும் காது கொடுப்பதில்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே வண்ணம் பூசுவதும் இதற்குத் துணை போகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்துக்கும் செஞ்சிக்கும் ஒரே அறிவிப்பு எப்படிப் பொருந்தும்?

வேண்டுவது இவைதான். காற்று, மழை, கடல் மூன்றுக்கும் தனித்தனி எச்சரிக்கை, வட்ட (தாலுகா) அளவில். 20.4 சென்டிமீட்டருக்கு மேல் இன்னும் ஒரு படி. கரை கடக்கும் இடம் நகர நகர, விலக்கிக்கொள்ளும் அறிவிப்பும் அதே வேகத்தில். தடை நாள்களுக்கு மீனவர் கையில் பணம். பிறகு, ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் ஒரு வாரத்துக்குள், 24 மணி நேரத்துக்கு முன் எந்த வட்டத்துக்கு என்ன சொன்னார்கள், அங்கே பதிவான காற்றும் மழையும் எவ்வளவு என்று இரண்டு பத்தியாக ஒரு பட்டியல். தரவு வானிலை மையத்திலும் வருவாய்த் துறையிலும் இருக்கிறது. அவர்கள் தரும்வரை காத்திராமல், அடுத்த புயலுக்கு அந்தப் பட்டியலைத் தங்கள் நாளிதழே வெளியிடத் தொடங்கலாம்; அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
நாகப்பட்டினம் மாவட்டம்